ஒடிக்காதே அக்காவின் வெண்டைக்காய்

பெற்றவர்கள் ஆசையாகத்தான் ஒரு பெயர் வைத்தார்கள். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ‘ஒடிக்காதே அக்கா கடை எங்கே?’ என்று கேளுங்கள், நேற்று குடிவந்தவர்கூட வழி சொல்வார். அக்கா காய்கறிக் கடை வைத்திருக்கிறாள். வெண்டைக்காய்த் தட்டை நோக்கி ஒரு கை நீண்டால் போதும். வேறு யாருக்கோ தக்காளி நிறுத்துக்கொண்டிருந்தாலும் சரி, முதுகைக் காட்டியபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாலும் சரி, “ஒடிக்காதீங்க!” என்று ஒரு சத்தம் போடுவாள். தெருமுனையில் போகிற சைக்கிள்காரர் பிரேக் பிடிப்பார். அப்படி ஒரு தொண்டை!

அப்படி என்ன கொலைக்குற்றம் செய்துவிட்டார்கள் என்கிறீர்களா? வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்துகொடுத்தால் முற்றல். எல்லாரும் செய்கிற காரியம்தான். ஆனால் ஒடித்துப் பார்த்த காயை எல்லாரும் வாங்குவதில்லை. இது கொஞ்சம் பெரிது, அது கொஞ்சம் கோணல் என்று தட்டிலேயே போட்டுவிட்டு அடுத்ததை எடுத்து அதன் நுனியையும் ஒடிப்பார்கள். நுனி போன காயை அப்புறம் வருகிறவர் தொடமாட்டார். மத்தியானத்துக்குள் ஒடித்த இடம் கறுத்துவிடும்.

அந்தக் கடை ஒரே அறை. வாசலைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் காய்கறித் தட்டுகள், இடப்பக்கம் தையல் மிஷின். மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அக்காவின் வீட்டுக்காரர். தலைக்கு மேலே கம்பியில் தைத்து முடித்த சட்டைகள் தொங்கும். தரையில் ஒரு பக்கம் துணி வெட்டுத் துண்டுகள், இன்னொரு பக்கம் கீரைக் கட்டின் ஈரம். தையல்காரர் அதிகம் பேசமாட்டார், பேசினால் சுருக்கென்று இருக்கும்.

ஆரம்பத்தில் அது தையல் கடை மட்டும்தான். கல்யாணமாகி வந்த புதிதில் அக்கா கடைத்தெருவுக்குப் போய் வெண்டைக்காய் வாங்கினாள். வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்துப் பார்த்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இதைப் போய் வெண்டைக்காய்னு விக்கிறாங்களே, விறகு மாதிரி இருக்கு! எங்க அண்ணன் விளைவிக்கிற காயைப் பார்த்தா இவங்க நாண்டுக்கிட்டுச் சாகணும்!” என்று குதித்தாள். “அப்ப உங்க அண்ணனையே அனுப்பச் சொல்லு, இங்க கால்மாட்டுல இடம் இருக்கு” என்றார் தையல்காரர், வாய்க்கு வந்ததை. அவர் விளையாட்டாகச் சொன்னார், அக்கா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே மிஷினின் காலடியில் ஒரு கூடை வந்து உட்கார்ந்தது. சட்டைக் கைப்பட்டி சரிசெய்ய வந்தவர்கள் ஆளுக்கொரு கை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த ஒரு கூடைதான் இன்று கடையில் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அக்காவிடம் சும்மா காய் வாங்கிவிட முடியாது, கதையும் சேர்த்து வாங்கவேண்டும். “இந்தத் தக்காளி போட்டவருக்கு இப்பதான் கல்யாணமாச்சு, புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து பறிச்சது, அதான் இப்படிச் சிவந்து கிடக்கு.” “இந்தக் கேரட்டுக்காரம்மாவுக்கு முட்டி வலி, உட்கார்ந்து உட்கார்ந்தே பிடுங்கியிருக்கு, மண்ணு ஒட்டியிருந்தா முகம் சுளிக்காதீங்க.” அவசரத்தில் வருகிறவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். கேட்டார்களா இல்லையா என்பதைப் பற்றி அக்காவுக்குக் கவலையே கிடையாது. காயைப் போட்டவர் யார் என்று தெரியாமல் ஒருவர் சாப்பிட்டால் அவருக்குச் செரிக்காது என்பது அவளுடைய தீர்மானம். கடைசியில் வெண்டைக்காய்த் தட்டுக்கு வரும்போது மட்டும் நெஞ்சு நிமிரும், குரல் கனக்கும்: “இது எங்க அண்ணன் விளைச்சல்.”

அந்த அண்ணனை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. காய் விடிவதற்குள் ஏதாவது ஒரு வண்டியில் ஏறி வந்துவிடும், அவர் வரமாட்டார். அவருக்கு வயல்தான் உலகம். வெண்டை ஒரு பொல்லாத பயிர். ஒருநாள் கண் அசந்தால் பிஞ்செல்லாம் முற்றலாகிவிடும். செடி முழுக்கப் பொடி முள், தொட்டால் கை அரித்துத் தள்ளும். அண்ணன் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு காயையும் காம்பைப் பிடித்து அறுத்து, காயின் உடம்பில் விரல் படாமல் கூடையில் அடுக்குவார். அடுக்கின கூடையைப் பார்த்தால் சீப்பின் பல் மாதிரி இருக்கும். சும்மா சொல்லக்கூடாது, பார்க்கவே ஒரு அழகு.

அந்த அழகைக் கெடுப்பதில் முதல் ஆள் நர்ஸம்மா. எதிர்வரிசையில் மாடியில் குடியிருக்கிறார். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனுஷி, தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் போய் நிற்பது அவர்தான். ஆனால் வெண்டைக்காயைக் கண்டால் அந்தக் கை சும்மா இருக்காது. பட், பட், பட்டென்று ஒடித்துக்கொண்டே போவார். அக்கா ஒடிக்காதீங்க என்று கத்துவாள், அவர் “சரிம்மா, சரிம்மா” என்பார், கை பாட்டுக்கு அடுத்ததை ஒடிக்கும். ஒடிந்ததையெல்லாம் அக்கா பொறுக்கி எடுத்து உள்ளே வைத்துவிடுவாள். அதைத்தான் அவர்கள் வீட்டில் சமைப்பார்கள். “இன்னைக்கும் வெண்டைக்காயா? என் விரலே வெண்டைக்காய் மாதிரி ஆயிட்டு வருது” என்று தையல்காரர் புலம்பாத நாளில்லை. ஆனால் அண்ணனிடம் இதைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை மூச்சுவிட்டதில்லை. “நல்லா போகுதா பாப்பா?” என்று அவர் போனில் கேட்டால் “சண்டை போட்டு வாங்கிட்டுப் போறாங்க அண்ணே” என்பாள். பொய்யில்லை, சண்டை என்னவோ நடந்துகொண்டுதான் இருந்தது.

அப்படி இருக்கும்போது ஒருநாள் வண்டி கிடைக்கவில்லை என்று அண்ணனே மோட்டார் சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்து மிஷின் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். அந்த நேரம் பார்த்தா நர்ஸம்மா வரவேண்டும்! அக்கா கண்ணைக் காட்டினாள், தொண்டையைச் செருமினாள், “நான் எடுத்துத் தரேன் நர்ஸம்மா” என்று குறுக்கே போய் நின்றாள். நர்ஸம்மா அவளைத் தோளோடு ஒதுக்கிவிட்டு, சீப்பின் பல் மாதிரி இருந்த வரிசைக்குள் கையை விட்டார். பட், பட், பட். ஒரு கை நிறைய எடுத்துக்கொண்டு, இரண்டு கை நிறைய ஒடித்துப் போட்டுவிட்டுப் போனார்.

அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து வந்து, நுனி போன காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் துண்டில் போட்டு முடிந்துகொண்டார்.

“தினமும் இப்படித்தானா பாப்பா?”

அக்கா தட்டை இழுத்துச் சரிசெய்தாள். தையல்காரர்தான், “அப்படியெல்லாம் இல்ல மச்சான், இன்னைக்கு ஏதோ...” என்று இழுத்தார்.

“நான் காய் மேல விரல் படாம அறுத்துட்டு வரேன். இங்க கழுத்தைத் திருகறாங்க” என்றார் அண்ணன். குரலில் கோபமே இல்லை, அதுதான் அக்காவைக் கொன்றது. “காகித ஆலைக்காரங்க மரக்கன்னு தரோம்னு நாலு தடவை வந்துட்டாங்க. நட்டுட்டுச் சும்மா இருக்கலாம். மரத்தை யாரும் ஒடிச்சுப் பார்க்கமாட்டான். இந்தப் போகத்தோட வெண்டை போதும் பாப்பா.” சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணன் ஒரு முடிவு எடுத்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான், மாற்றமாட்டார். மரம் நட்டால் அந்த மண்ணில் இனி எத்தனையோ காலத்துக்கு ஒரு காய் விளையாது. அக்காவுக்குக் கடையை நினைத்துக் கவலையில்லை. காய் வேறு இடத்திலும் கிடைக்கும். ‘இது எங்க அண்ணன் விளைச்சல்’ என்று சொல்ல முடியாமல் போய்விடுமே! அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகத்தானே அவள் தினமும் ஷட்டரைத் தூக்குகிறாள். அன்று கடையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

மறுநாள் நர்ஸம்மா வந்தபோது வெண்டைக்காய்த் தட்டில் துணி போட்டு மூடியிருந்தது.

“ஏம்மா, வெண்டைக்காய் வரலையா?”

“வந்திருக்கு. உங்களுக்குக் கிடையாது.”

“என்னது?”

“உங்க புண்ணியத்துல எங்க அண்ணன் விவசாயத்தையே விடறாரு. நேத்து மூலையில உட்கார்ந்து டீ குடிச்சாரே, அவருதான். அவரு கண்ணு முன்னாடியே ஒடிச்சுப் போட்டீங்க.”

நர்ஸம்மாவின் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. ஆனால் ரோஷக்காரி, விட்டுக்கொடுப்பாரா? “காசு குடுத்து வாங்கறவங்க பார்த்துத்தான்மா வாங்குவாங்க.”

“பார்க்கத்தான் சாமி கண்ணு குடுத்திருக்கே, கை எதுக்கு? அந்தச் செடிக்குள்ள ஒருநாள், ஒரே ஒருநாள் காலையில நின்னு பறிச்சுப் பாருங்க, அப்புறம் ஒடிக்க மனசு வருதான்னு பார்க்கலாம்!”

“பறிக்கிறது என்ன பெரிய மலையைப் புரட்டற வேலையா? வரேன். ஞாயித்துக்கிழமை வரேன், போ!”

அக்கா சும்மா கோபத்தில் சொன்னது சவாலாகிவிட்டது. செய்தி தெரு முழுக்கப் பரவி, ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஒரு வேன் நிறைய ஆள் சேர்ந்துவிட்டது. அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை: தன் காயைச் சாப்பிடுகிறவர்கள் இத்தனை பேர் தேடிக்கொண்டு வந்து நின்றால் அண்ணன் மனசு இளகாதா? அண்ணியிடம் போனில் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கியிருந்தாள். “வரட்டும், உங்க அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்” என்று அண்ணி சொல்லியிருந்தாள். தையல்காரர் வெட்டுத் துண்டுகளை ஒட்டுப்போட்டு எல்லாருக்கும் முழங்கைவரை வரும் கை உறைகள் தைத்து ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். ஒரு கை கோடு போட்ட துணி, இன்னொரு கை பூப்போட்டது. அதைப் பார்த்து வேனில் ஒரே சிரிப்பு. “நான் எவ்வளவு ஊசி போட்டவ, எனக்குப் போய் இந்தக் கோமாளி வேஷமா?” என்று நர்ஸம்மா தள்ளிவிட்டார். அவர் போடவில்லை என்றதும் மற்றவர்களும் போடவில்லை. தையல்காரர் பையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, “கேட்கும்போது தரேன்” என்று மட்டும் சொன்னார்.

வயல் அன்று அப்படி ஒரு கோலத்தில் இருந்தது. தோள் உயரத்துக்குச் செடி, மஞ்சள் பூ, பூவுக்கு நடுவில் கருஞ்சிவப்பு. வந்தவர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். வெண்டைக்காய் செடியில் மேல்நோக்கி நிற்கும் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது, கத்தரிக்காய் மாதிரி தொங்கும் என்று நினைத்திருந்தார்களாம்! அண்ணன் தூரத்தில் தண்ணீர் மோட்டார் பக்கம் நின்றார், கிட்டே வரவில்லை. அக்கா ஆளுக்கு ஒரு வரிசையைக் காட்டி, காம்பை எப்படி அறுப்பது என்று செய்துகாட்டிவிட்டு, கூடைகளை எடுத்துவர அண்ணியோடு வீட்டுக்குப் போனாள். போனவள் திரும்பி வர கொஞ்ச நேரம்தான் ஆனது.

வந்து பார்த்தால்! ஐயோ, அதை எப்படிச் சொல்வது? நர்ஸம்மா பறித்துக்கொண்டு போன வரிசையில் செடியிலேயே நிற்கிற காய்களுக்கெல்லாம் நுனி இல்லை. இன்னும் அறுக்கவே இல்லை, அதற்குள் பிஞ்சா முற்றலா என்று ஒவ்வொன்றையும் ஒடித்துப் பார்த்துவிட்டு, பிடித்ததை மட்டும் பறித்துக்கொண்டு நகர்ந்திருக்கிறார். அவரைப் பார்த்து அடுத்த வரிசைக்காரர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். கடையில் தட்டில் செய்ததை இங்கே உயிரோடு இருக்கிற செடியில் செய்துவைத்திருக்கிறார்கள்.

அக்கா கூடையைத் தொப்பென்று போட்டாள். கத்துவதற்கு வாயைத் திறந்தவளுக்குச் சத்தமே வரவில்லை. மோட்டார் பக்கத்திலிருந்து அண்ணன் நடந்து வந்துகொண்டிருந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

அண்ணன் வரிசையைப் பார்த்தார். நர்ஸம்மாவும் அப்போதுதான் திரும்பித் தான் வந்த வழியைப் பார்த்தார். தான் என்ன செய்தோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. “ஐயா, நான் வேணும்னு பண்ணலை” என்றார். “என் கை... என் கை பாட்டுக்குப் போயிடுச்சு.”

“தெரியுதும்மா” என்றார் அண்ணன். “ஆனா இதை இப்படியே விட முடியாது. காயைச் செடியில விட்டா, நம்ம வேலை முடிஞ்சுதுன்னு செடி பூக்கறதை நிறுத்திக்கும். நீங்க கிளம்புங்க, நாங்க பறிச்சுக்கிறோம்.”

அண்ணன் கத்தியை எடுத்தார். நர்ஸம்மா நகரவில்லை. “ஒடிச்சது நான். பறிக்கிறதும் நான்தான். இதுல ஒரு காயைக்கூட நீங்க தொடக்கூடாது” என்று சொல்லிவிட்டு, வரிசையின் முதல் செடிக்கே திரும்பிப் போனார். மற்றவர்களும் மறுபேச்சு பேசாமல் அவரவர் வரிசைக்குப் போனார்கள்.

அப்புறம்தான் இருக்கிறது வேடிக்கை. வெயில் ஏற ஏற அரிப்பும் ஏறியது. முதலில் மணிக்கட்டு, பிறகு முழங்கை, பிறகு கழுத்து. சொறிந்தால் இன்னும் அரிக்கும், சொறியாமலும் இருக்க முடியாது. ஒருவர் குதித்தார், ஒருவர் முதுகைக் கம்பத்தில் தேய்த்தார். தையல்காரர் அக்குளிலிருந்த பையை விரித்தார். கோடு போட்ட கைக்கும் பூப்போட்ட கைக்கும் அடிதடி நடந்தது. நர்ஸம்மா மட்டும் உறை வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு பறித்தார். கடைசிக் காயைக் கூடையில் வைத்தபோது இரண்டு கையும் தடித்துச் சிவந்திருந்தன. அண்ணி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, அந்தக் கைகளில் தடவிவிட்டாள்.

“ஒண்ணுமில்லம்மா, சும்மா எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்.”

நர்ஸம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். “இதை நான் ஊர் முழுக்கச் சொல்லி ஊசி போட்டிருக்கேன். சரியான பொய்ம்மா இது!” என்றார். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். நர்ஸம்மாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அண்ணியின் கையைத் திருப்பிப் பார்த்தார். அந்தக் கை முழுக்கப் பழைய தழும்பும் புதுத் தடிப்புமாக இருந்தது. எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கி அந்தக் கையில் தடவிவிட்டார். நுனி போன காய்களையெல்லாம் வந்தவர்களே பங்கு போட்டு எடுத்துக்கொண்டார்கள், கூடையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அண்ணன் வேனுக்குக் கைகாட்டினார், அவ்வளவுதான். மரக்கன்றைப் பற்றி அக்காவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வழியெல்லாம் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

போகத்தின் கடைசிப் பறிப்பை அண்ணனே கொண்டுவந்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு, முன்போலவே ஸ்டூலில் உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்ததுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ சொல்ல வந்திருக்கிறார். “பாப்பா, இன்னைக்குச் சாயங்காலம் ஆலைக்காரங்க கன்னு இறக்கறாங்க” என்றார். அக்கா காய்களைத் தட்டில் அடுக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, வரிசை சரியாகத் தெரியவில்லை. நர்ஸம்மா பக்கத்தில் நின்று தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் அது விழுந்திருக்கும்.

அப்போது புதிதாக ஒருவர், தெருவுக்குக் குடிவந்து சில நாள்தான் ஆகியிருக்கும், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து வெண்டைக்காய்த் தட்டுக்குள் கையை விட்டார். ஒன்றை எடுத்து நுனியில் கட்டைவிரலை வைத்தார். அக்காவுக்கு அன்று கத்த மனசில்லை. இனி யாருக்காகக் கத்தவேண்டும்?

“ஒடிக்காதீங்க!”

ஹெல்மெட்காரர் கையிலிருந்து காய் நழுவித் தட்டில் விழுந்தது. அக்காவே திடுக்கிட்டுப் போனாள். கத்தியது நர்ஸம்மா.

“பிஞ்சா இருக்கான்னு பார்க்கறேன்மா” என்றார் ஹெல்மெட்காரர்.

“பிஞ்சுதான். எனக்குத் தெரியும், இந்தச் செடிக்குள்ள நின்னவ நான். இந்தக் கையைப் பாருங்க, தடிப்பு இன்னும் போகலை.” நர்ஸம்மா கையை நீட்டிக் காட்டினார். “விரல் படாம அறுத்து அடுக்கி அனுப்பறாரு. நம்பி எடுக்கறதுன்னா எடுங்க, இல்லன்னா கையைப் பைக்குள்ள வெச்சுக்கங்க. இது யார் விளைச்சல்னு நெனச்சீங்க? எங்க அண்ணன் விளைச்சல்!”

ஹெல்மெட்காரர் ஹெல்மெட்டைக் கழற்றினார். நர்ஸம்மா அண்ணனைவிட எவ்வளவோ மூத்தவர், வாய் தவறி அண்ணன் என்றுவிட்டார், அதைத் திருத்திக்கொள்ளவும் இல்லை. “அதோ ஸ்டூல்ல உட்கார்ந்திருக்காரே, அவருதான்” என்று கையைக் காட்டினார். ஹெல்மெட்காரர் திரும்பி, அண்ணனைப் பார்த்து வணக்கம் என்றார். பிறகு மேலோட்டமாகக்கூடப் பார்க்காமல் ஒரு கை நிறைய எடுத்து நிறுக்கச் சொன்னார்.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்வை இல்லை, சும்மா துடைத்தார். எழுந்தார், வண்டிச் சாவியைத் தேடினார், கையிலேயே இருந்தது.

“மாப்பிள்ளை, இங்க விதைக்கடை எப்போ திறப்பான்?”

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். விதைக்கடைப் பக்கமே போகாதவருக்கு அதன் நேரம் தெரியுமா என்ன? “இந்நேரம் திறந்திருப்பான் மச்சான்” என்றார்.

“ஆலைக்காரங்களுக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லணும்” என்று யாரிடமோ சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டு அண்ணன் வண்டியைக் கிளப்பினார்.

அக்கா வாசலுக்கு ஓடினாள். வண்டி தெருமுனை திரும்புகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். முகமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. திரும்பி வந்ததும் நர்ஸம்மாவை முறைத்தாள்.

“எங்க அண்ணனா? அவருக்கு நான் ஒருத்திதான் தங்கச்சி, தெரிஞ்சுக்கங்க.”

“நீ இருந்துட்டுப் போயேன்” என்றார் நர்ஸம்மா. “எனக்கு அரைக் கிலோ நிறு. பார்க்கவெல்லாம் வேண்டாம், அப்படியே அள்ளிப் போடு.”